மாடலுக்கு முடி வேண்டும்

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது சித்தியின் உள்ளங்கை. அதன் கட்டை விரல் என் நடுநெற்றியை அழுத்திக்கொண்டிருந்தது. மற்ற விரல்கள் தலைமுடிக்குள் எங்கோ இருந்தன.

"ஆடாத. இப்ப ஃப்ரான்டல்ல கீறேன்," என்றாள்.

ஃப்ரான்டல் என்பது நெற்றி எலும்பு. அங்கிருந்து உச்சிக்குப் போனால் பரைட்டல், காதுப் பக்கம் டெம்போரல், பிடரிக்கு மேலே ஆக்சிபிடல். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி என்று ரயில் நிலையங்களைச் சொல்வதுபோல சித்தி இவற்றை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான்தான் தண்டவாளம்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே பாக்கிங் வேலை பார்த்து, காலில் நரம்பு சுருண்டுகொண்டதும் அதை விட்டுவிட்டு, பொன்னேரியில் ஒரு துணிக்கடை மாடியில் நடந்த அழகுக்கலை வகுப்பில் சேர்ந்தாள். போனவுடன் புருவம் திருத்தக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் மண்டை ஓட்டில் ஆரம்பித்தார்கள். எந்தத் தசை எங்கே தொடங்குகிறது, எந்த நரம்பு அதன் வழியாகப் போகிறது என்று தெரியாத கை யார் முகத்திலும் படக் கூடாது என்பது அங்கே விதி.

சென்னையில் ஒரு பார்லர் தங்குமிடத்தோடு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு மாடலைக் கூட்டி வர வேண்டும், அந்த மாடலுக்குத் தோளுக்குக் கீழே முடி இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு இருந்தது. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, தேர்வுக்கென்றே சித்தி வளர்த்த முடி.

அம்மா வேறொரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தாள். அப்பா லாரியோடு ஆந்திரா பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் எனக்குச் சோறு போட்டு, கதவைத் தாழிட்டுப் படுக்கவைத்தவள் சித்தி. பாஸ் பண்ணினால் தங்கை மெட்ராஸ் போய்விடுவாள் என்று பக்கத்து வீட்டில் அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பெருமைப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை சித்தி வகுப்புக்குக் கிளம்பிப் போனதும், அம்மா தானும் லீவு போட்டு, என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், பெரியபாளையத்துக்குப் பஸ் ஏற்றினாள். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டதாம், பிழைத்தால் மொட்டை போடுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். அத்தனை ஆடி மாதங்களும் பொறுத்திருந்த அம்மன் அந்தச் செவ்வாய்க்கு மேல் பொறுக்கமாட்டாள் என்று அம்மாவுக்குத் தோன்றியிருந்தது. எனக்கு வளையலும் பலூனும் கிடைத்தன. தலையில் காற்றுப் பட்டது நன்றாக இருந்தது.

மாலையில் சித்தி வாசலில் என் சந்தனத் தலையைப் பார்த்தாள். தோளில் இருந்த பையை இறக்கவில்லை.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "சாமி காரியம்டி. முடிதான, வளந்துடும்," என்றாள்.

"மாசத்துக்கு அர இன்ச்சு வளரும். பரீட்ச வெள்ளிக்கெழம."

அதற்கு மேல் சண்டை நடக்கவில்லை. சித்தி தெருவில் நீளமுடி உள்ள வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டாள். ஒருத்திக்கு ஷிப்டு. இன்னொருத்தியின் மாமியார், கண்டவர்கள் கைபடவா மருமகளை வைத்திருக்கிறோம் என்று கேட்டாள். வியாழக்கிழமை மாலை சித்தி அம்மாவின் எதிரில் வந்து நின்றாள். அம்மாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும்.

"நீ வா க்கா."

"எனக்கு வேல கீது."

"மொட்ட அடிக்க லீவு போட்ட இல்ல? இதுக்கும் போடு."

"வேற ஆளே கெடைக்கலியா உனுக்கு?"

"இன்னா பண்றது? ஊர்ல கீற முடியெல்லாம் அம்மனுக்கு நேந்துக்கினு கீறாங்க."

மறுநாள் விடிந்ததும் அம்மா தலைக்குக் குளித்து, ஈரத்தை உதறியபடி எங்களுக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயிலில் நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நிலையங்களின் பெயரை உரக்கப் படித்தேன்.

மாடியில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அம்மா அப்படிப்பட்ட நாற்காலியில் அதற்கு முன் சாய்ந்ததில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள். தேர்வாளர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. முதலில் எலும்புகளைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்ல வேண்டும், பிறகுதான் லோஷன், மசாஜ் என்றார். நான் தொப்பியோடு சுவரோரம் உட்காரவைக்கப்பட்டேன்.

சித்தி அதில் தேறினாள், அடுத்த மாதமே சென்னைக்குப் போனாள். அன்று சுவரோரத்திலிருந்து நான் பார்த்தது வேறு. சித்தி அம்மாவின் பின்னலை அவிழ்த்து, இரண்டு நெற்றிப்பொட்டிலும் விரல் வைத்து "டெம்போரல்" என்றாள். மூடியிருந்த அம்மாவின் கண்களிலிருந்து நீர் கிளம்பி, பக்கவாட்டில் இறங்கி, சித்தியின் விரல்களை நனைத்துக் காதுக்குள் போனது. தேர்வாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். சித்தி பஞ்சை எடுத்து ஒற்றிவிட்டு, அடுத்த எலும்புக்குப் போனாள்.

கண்ணில் லோஷன் பட்டுவிட்டதா என்று திரும்பும் ரயிலில் அம்மாவிடம் கேட்டேன். ஆமாம் என்றாள்.

லோஷன் பாட்டில் அந்த நேரத்தில் மேஜை மேல் இருந்தது. அதன் மூடியைச் சித்தி இன்னும் திறந்திருக்கவில்லை.