அண்ணி துடைத்த லாயத் தரை

என் அண்ணன் மனைவியைக் குதிரை லாயத்தில் எல்லோரும் ‘பளிங்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவர் கை பட்ட சாமான் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வாளியின் அடிப்பக்கத்தைக்கூடத் தேய்த்துத்தான் கவிழ்ப்பார். “கல்யாணம் ஆன புதுசுல, என்னையும் தேய்ச்சுக் கவுத்துருவாளோன்னு பயந்துகிட்டேதான் தூங்குவேன்” என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அண்ணன்தான் முதலில் அந்த லாயத்தில் வேலை பார்த்தவர். குதிரை ஏறப் பழக்குகிற இடம் அது. ஒரு முரட்டுக் குதிரை இழுத்துத் தள்ளியதில் இடுப்பு எலும்பு முறிந்து, அவர் வீட்டோடு இருக்கும்படி ஆயிற்று. இருந்த ஒரு வேலையும் கைவிட்டுப் போகக் கூடாது என்று அண்ணி வந்து நின்றார். நான் ஏற்கெனவே அங்கே வைக்கோல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி அதற்கு முன் குதிரையைத் தெருவில் போகும்போது பார்த்ததோடு சரி. வந்த புதிதில் குதிரை நிற்கிற கொட்டடிக்கு வெளியிலேயே நின்று, நீளமான கழியில் விளக்குமாற்றைக் கட்டி, எட்ட இருந்தே கூட்டினார்.

“அண்ணி, அது ஒண்ணும் புலி இல்ல” என்றேன்.

“புலின்னா முன்பக்கம் மட்டும் பயந்தாப் போதும் தம்பி. இதுக்குப் பின்பக்கமும் பயப்பட வேண்டியிருக்கே.”

அந்தப் பயத்தைப் போக்கியது செவலை என்கிற பெட்டைக் குதிரை. உடம்பெல்லாம் செம்மண் நிறம். பழக வருகிற சின்னப் பிள்ளைகளைச் சுமந்து சுமந்து பொறுமை கற்றது. ஒரு நாள் அண்ணி குனிந்து கூட்டும்போது அவர் தலைமுடியை மோந்து பார்த்து, காதுக்குப் பக்கத்தில் பெருமூச்சு விட்டது. அண்ணி அப்படியே உறைந்து நின்றார். பிறகு மெல்லக் கையை நீட்டி அதன் மூக்கைத் தொட்டார். அன்றைக்கே கழியிலிருந்து விளக்குமாற்றை அவிழ்த்துவிட்டார். ஆண்டவன் யாருக்கு யார் மூலமாகத் தைரியம் கொடுப்பான் என்று நமக்கென்ன தெரியும்.

செவலையின் கொட்டடி வரிசையில் கடைசி. மற்றதெல்லாம் கல் பாவியது. அது மட்டும் பழைய மண் தரை. மண்ணும் எத்தனை காலம்தான் மூத்திரத்தைக் குடிக்கும்? ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்திவிட்டது. மேலே எவ்வளவு மரத்தூள் கொட்டினாலும் மிதித்தால் சொதசொத என்றது. செவலையின் குளம்புக்கு அடியில் கறுப்பாக அழுகல் பிடித்தது. அண்ணி காலைத் தூக்கிச் சுரண்டுவார். பக்கத்தில் நிற்கிற நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “மருந்து நான் குடுத்துடுவேன்மா. கால் ராத்திரி பகலா ஈரத்துல நின்னா மருந்து என்ன பண்ணும்?” என்றார்.

அண்ணி முதலாளியம்மாவிடம் நச்சரித்துச் சிமெண்டுத் தரைக்குச் சம்மதம் வாங்கினார். கொத்தனார் வந்தார். மண்ணைத் தோண்டிப் போட்டுவிட்டு, “வாட்டம் எந்தப் பக்கம் விடட்டும்?” என்று கேட்டார். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரித்து விடுவதைத்தான் வாட்டம் என்பார்கள்.

“வாசப் பக்கம் விட்டா நடையில வந்து நிக்கும்ணே. புள்ளைங்க நடக்குற எடம். பின்பக்கம் விடுங்க.”

“பின்னால செவுரு இருக்கே பளிங்கக்கா. தண்ணி என்ன, செவுத்த ஏறிக் குதிச்சா போகும்?”

“அடியில ஒரு ஓட்டை போட்டுடுங்க.”

முதலாளியம்மா குறுக்கே வந்தார். “இப்பதான் வெள்ளையடிச்சேன். நீங்க தரையப் போடுங்க, ஓட்டைய அப்புறம் பாத்துக்கலாம்.”

கொத்தனார் அண்ணி சொன்னபடியே பின்பக்கம் சரித்துவிட்டார். கடைசியாகப் பூசும்போது, “சொரசொரன்னு விடவா?” என்று கேட்டார்.

“சொரசொரப்புல அழுக்கு ஒக்காந்துக்கும். நல்லா வழவழன்னு மெழுகிடுங்க, எங்க வீட்டு அடுப்படி மாதிரி.”

“குதிரைக்குத்தானே போடுறோம்? இல்ல, நீங்க குடி வரப் போறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே மெழுகினார்.

முதலாளியம்மா சொன்ன அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

ஆனால் தரை பார்க்க அவ்வளவு அழகு. செவலையின் குளம்பும் ஆறிவிட்டது. டாக்டரே மெச்சினார். பின் மூலையில் மூத்திரமும் கழுவுகிற தண்ணீரும் தேங்கத்தான் செய்தது. அண்ணி காலையிலும் மாலையிலும் வாளியும் துணியுமாக அந்த மூலையில் உட்கார்ந்து, ஒற்றி ஒற்றிப் பிழிந்து, காயவிட்ட பிறகுதான் எழுந்திருப்பார். நடுவில் ஒரு முறை எட்டிப் பார்த்து மறுபடி துடைப்பார். தண்ணீர் போக வழி இல்லை என்பதே எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நிற்பதற்கு அண்ணி விட்டால்தானே கண்ணில் படும்!

செவலை சினையானது. மாதம் நெருங்கி வயிறு பக்கவாட்டில் பெருத்துத் தொங்கியது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டி வந்தது. “வெள்ளனப் போயிட்டு வெள்ளனவே வந்துடுறேன் தம்பி” என்று சொல்லிப் போனார். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அது நடக்கிற காரியமா?

நான் வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று சுவரில் அம்மிக்கல்லை வீசி அடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு குளம்புகள் எதையோ பறண்டுகிற சத்தம். ஓடினேன்.

செவலை பின் மூலையில் விழுந்து கிடந்தது. நாலு காலும் சுவரோடு மடங்கி முட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டி கவிழ்ந்து, அந்தத் தண்ணீரும் மூத்திரமும் வைக்கோலும் சேர்ந்து மூலை பூராவும் குளமாக நின்றது. அதன் கண்ணில் வெள்ளை தெரிந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது.

முதலாளியம்மா டாக்டருக்குப் போன் போட்டார். அவர் வேறோர் இடத்தில் கன்று மாட்டிக்கொண்ட பசுவோடு போராடிக்கொண்டிருந்தார். “வயித்துல குட்டியோட ரொம்ப நேரம் விழுந்து கெடந்தா ரெண்டுக்கும் ஆபத்து. எப்படியாவது எழுந்து நிக்க வைங்க. நான் வந்துகிட்டே இருக்கேன்” என்றார்.

கொத்தனார் அன்று தோட்டத்துச் சுவரைக் கட்டிக்கொண்டிருந்தது ஆண்டவன் செயல். அவரும் நானும் செவலையின் மார்பைச் சுற்றிக் கயிறு போட்டு இழுத்தோம். தரை வழுக்கியதில் அந்த ஒரு உபகாரம் மட்டும் கிடைத்தது. சுவரை விட்டுச் சற்று நகர்ந்து வந்தது. கால் நீட்ட இடம் கிடைத்ததும் எழப் பார்த்தது. முன்னங்கால்களை ஊன்றியது. இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து போய், தாடை ‘டக்’ என்று சிமெண்டில் அடித்தது. மறுபடி எழுந்தது. மறுபடி அடி. வாயில் ரத்தம் கசிந்தது.

கொத்தனார் பின்பக்கம் போய் முட்டுக் கொடுக்கப் பார்த்தார். “பின்னால தூக்கி விட்டா மாடு எந்திரிச்சிடும் தம்பி!”

“இது மாடு இல்லண்ணே! முன்னாலதான் எந்திரிக்கும், வந்துடுங்க!” என்று கத்தினேன். அவர் விலகவும், அவர் நின்ற இடத்தில் குளம்பு வந்து விழவும் சரியாக இருந்தது.

அப்போதுதான் அண்ணி வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே போனார். காலில் ஒரு சொட்டுத் தெறித்தாலே ஓடிப்போய்க் கழுவுகிறவர், அந்தச் சாக்கடையில் அப்படியே உட்கார்ந்து செவலையின் தலையை இழுத்து மடியில் போட்டு, உள்ளங்கையால் அதன் கண்ணைப் பொத்தினார். உதறல் நின்றது.

முதலாளியம்மா பதறினார். “பளிங்கு, வெளிய வா! அது ஒரு பெரட்டுப் பெரண்டா நீ செவுத்தோட நசுங்கிடுவ!”

“நான் எந்திரிச்சா அதுவும் எந்திரிக்கப் பாக்கும்மா. இன்னொரு தடவ விழுந்தா குட்டி தாங்காது. தல கீழ இருக்குற வரைக்கும்தான் சும்மா கெடக்கும்.”

நான் குதிரை ஓட்டுகிற மைதானத்திலிருந்து கூடையில் மணல் அள்ளி வந்து கொட்டினேன். தேங்கிய தண்ணீரில் விழுந்த மணல் கூழாகி, மெழுகின தரையில் நழுவி ஓடியது. முன்பைவிட வழுக்கல்.

“தண்ணி போகாம மண்ணக் கொட்டி என்ன தம்பி பிரயோசனம்?” என்றார் அண்ணி. தண்ணீர் நின்றதோ குளம்புக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே துணியோடு நுழைகிறவன் உயிரோடு திரும்ப மாட்டான். அண்ணி அந்த மூலையையே பார்த்தார். பிறகு சொன்னார்:

“கொத்தனாரண்ணே, அன்னைக்குப் போடாத ஓட்டைய இப்பப் போடுங்க. வெளிப்பக்கமா இருந்து.”

கொத்தனார் முதலாளியம்மாவைப் பார்த்தார். “என் மூஞ்சியில என்ன இருக்கு? ஒடைங்க!” என்றார் அவர்.

“அடிக்கிற சத்தத்துல மெரண்டுச்சுன்னா?”

“நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க மெதுவா அடிங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் உளி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் செவலையின் தோல் அலை அலையாகச் சிலிர்த்தது. அண்ணி அதன் காதோடு வாய் வைத்து, வீட்டில் அண்ணனிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே இருந்தார். “ஒண்ணும் இல்லடி. அங்க ஒருத்தருக்கு ஊசின்னதும் மொகத்தப் பாக்கணுமே. இவ்ளோ பெரிய ஆம்பள, நர்ஸ் கையப் புடிச்சுக்கிட்டு விடல. நீ அவர விட எவ்வளவோ மேல். இரு, இரு, என் தங்கம்ல.”

நான் மணல் கூடையோடு வாசலில் நின்றேன். வேண்டுவதற்கு எனக்குப் பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை. ஆண்டவனே, ஒரு செங்கல். ஒரே ஒரு செங்கல் கழன்று வரட்டும்.

உளி உள்ளே ஏதோ கல்லில் பட்டு ‘கணீர்’ என்றது. செவலை துள்ளியது. குளம்பு சுவரில் மோதி, காரை பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணியின் தோள் சுவரில் போய் இடித்தது. அவர் தலை தொங்கியது.

அடி நின்றது. “அக்கா?” என்றார் கொத்தனார் அந்தப் பக்கமிருந்து.

உளி கீழே விழுகிற சத்தம் கேட்டது.

“பளிங்கக்கா!”

அண்ணி செவலையின் கன்னத்தில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். கண்ணைப் பொத்திய கை எடுபடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அடிங்கண்ணே. நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சா இன்னும் மெரளும்.”

இன்னும் கொஞ்சம் அடி. மூலையில் தரையோடு தரையாக ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. செங்கல் அந்தப் பக்கம் இழுபட்டு வந்தது. தண்ணீர் ஒரு நொடி யோசித்த மாதிரி நின்று, பிறகு சுழித்துக்கொண்டு ஓடியது. வைக்கோல் போய் அடைத்தது. கொத்தனார் வெளியிலிருந்து கையை விட்டு அதைப் பிடுங்கினார். களக் களக் என்று மிச்சமும் போயிற்று.

நான் மணலைப் பரப்பினேன். அதன் மேல் காய்ந்த சாக்குகளை விரித்தேன். இந்தத் தடவை மணல் நின்ற இடத்தில் நின்றது.

“எல்லாரும் வெளிய போங்க” என்றார் அண்ணி. கையை எடுத்தார். தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே எழுந்து தள்ளி நின்றார்.

செவலை எழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை மறுபடி தரையில் சாய்த்தது. விழுந்து விழுந்து நம்பிக்கை போய்விட்டது அதற்கு.

“எந்திரிடி” என்றார் அண்ணி. அது அசையவில்லை. அது வரைக்கும் அவர் அதன் மேல் கை ஓங்கியதே இல்லை. ஓங்கிக் கழுத்தில் ஒரு அறை அறைந்தார். “எந்திரிங்கிறேன்ல! புள்ளைய வச்சுக்கிட்டு என்னடி படுக்க!”

செவலை முன்னங்கால்களை வீசி ஊன்றியது. சாக்கு நகர்ந்தது, அடியில் மணல் பிடித்துக்கொண்டது. பின்னங்கால் ஒன்று சறுக்கியது. சறுக்கிய கால் எங்கேயோ பிடிமானம் கண்டது. உடம்பு மொத்தமும் ஒரு குலுங்கு குலுங்கி எழுந்து நின்றது.

டாக்டர் வந்து வயிற்றில் கை வைத்து அங்கங்கே அழுத்திப் பார்த்தார். பிறகு அண்ணியின் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தார். “ஒதைக்குது பாருங்க” என்றார். அப்போதுதான் அண்ணி அழுதார்.

முதலாளியம்மாவுக்குப் பயம் தெளிந்து கோபம் வந்தது. “என்னய்யா தரை போட்ட நீ?” என்று கொத்தனார் மேல் பாய்ந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவர ஏம்மா சொல்றீங்க? சொரசொரன்னு விடவான்னு அவரு கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். தண்ணி நிக்கிறதும் எனக்குத் தெரியும். நான்தான் தொடைக்கிறேனேன்னு இருந்துட்டேன்” என்றார் அண்ணி. முதலாளியம்மாவும் சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனார்.

அடுத்த வாரம் தரையை உடைத்தார்கள். தோள் வீக்கம் வற்றாமலே அண்ணியும் கடப்பாரையைப் பிடித்தார். வேண்டாம் என்று தடுத்த என்னை ஒரு முறை முறைத்தார். கீழே ஜல்லி போட்டு, மேல்பூச்சைத் துடைப்பத்தால் கோடு கோடாகக் கீறி, ஓட்டையை நோக்கி நல்ல வாட்டம் விட்டார் கொத்தனார். வெளியே ஒரு வாய்க்காலும் வெட்டினார்.

தரை நன்றாக இறுகிய பிறகு செவலையைக் கூட்டி வந்தோம். வாசலில் நின்றுவிட்டது. கழுத்தை நீட்டி மோந்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது. கொத்தனார் தான் வெட்டிய வாய்க்காலைப் பார்க்கச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குத்தவைத்திருந்தார். “உள்ள வருதா இல்லையா?” என்று அங்கிருந்தே கத்தினார்.

“அது இஷ்டத்துக்கு வரட்டும்” என்று கயிற்றைத் தளர விட்டார் அண்ணி.

வெகுநேரம் கழித்து உள்ளே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பின்னங்கால்களை அகட்டி வைத்து, முதல் வேலையாக மூத்திரம் பெய்தது. கோடுகளின் வழியே அது விறுவிறுவென்று ஓடி மூலைக்குப் போய் மறைந்தது.

“வந்துடுச்சுக்கா! ஐயோ, என் கால் மேலயே வந்துடுச்சு!” என்று சுவருக்கு அப்பாலிருந்து அலறல் கேட்டது.

அண்ணி எதுவும் தேங்காத மூலையைப் பார்த்தபடியே சொன்னார்: “தள்ளி நில்லுங்கண்ணே, இன்னும் வருது.”