முதல் புதன் மட்டும் சில்லறை

அந்த வங்கிக் கிளையில் கேஷியருக்குப் 'புதன்கிழமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். பெயருக்குக் காரணம் அவருடைய கண்ணாடிக் கூண்டின் மேல் ஒட்டியிருந்த அறிவிப்பு: 'நாணயங்கள் மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் பெற்றுக்கொள்ளப்படும்.' வங்கியின் சட்டதிட்டங்களில் எந்தப் பக்கத்திலும் இப்படி ஒரு விதி கிடையாது. அவரே யோசித்து, அவரே தட்டச்சு செய்து, சொந்தச் செலவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது. மாதாமாதம் முதல் புதன்கிழமை அவர் லீவு போட்டுவிடுவார்.

சில்லறைமேல் அவருக்கு அப்படி ஒரு பகை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாகன நிறுத்தத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர் கொண்டுவந்த மூட்டையை அப்படியே நம்பி வாங்கிவிட்டார். மாலையில் கணக்கு முடிக்கும்போது துண்டு விழுந்தது. துண்டு அவர் சம்பளத்தில் விழுந்தது. அதோடு சரி. நோட்டுக் கட்டு என்றால் ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு ஆசையாக எண்ணுகிறவர், பைக்குள் காசு குலுங்கும் சத்தம் கேட்டால் ரப்பர் ஸ்டாம்பைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துவிடுவார்.

சில்லறை கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்புவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் வந்தால் மதியம் வரச் சொல்வார். மதியம் வந்தால் எண்ணுகிற ஆள் சாப்பிடப் போயிருப்பதாகச் சொல்வார். எண்ணுகிற ஆள் அவர்தான்; சாப்பாட்டு டப்பாவும் அவர் எதிரில்தான் திறந்திருக்கும். விடாப்பிடியாக நிற்பவர்களிடம், "புகார் எழுதணும்னா தாராளமா எழுதுங்க. புகார்ப் புத்தகம் மேனேஜர் அறையில இருக்கு. மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்" என்பார். எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஒரு வருஷம் நடையாய் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் வேறு வங்கிக்குக் கணக்கை மாற்றிக்கொண்டார். மேனேஜருக்கு இதில் பெருமை. வட்டாரக் கூட்டத்தில் இந்தப் புதன்கிழமை ஏற்பாட்டைப் பற்றி எடுத்துச் சொல்லிக் கைதட்டும் வாங்கினார்.

இப்படிப்பட்டவர் வீட்டிலேயே சில்லறை மலைபோல் குவிந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். மாடி வீட்டின் முன்னறையில் பாதியைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மலைமேல் ஏரிக்கரையில் ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போய் நாலு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் கேஷியர் 'அடுத்த வருஷம்' என்பார். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி மறுபடியும் பேச்செடுக்கவே, அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். டூருக்கென்று கைக்காசு போட்டால் மனசு உறுத்தும், அனுபவிக்க முடியாது. சட்டைப்பையில் மிஞ்சுகிற சில்லறையைப் போட்டு வைத்தால் அது தானாகச் சேரும், வலியே தெரியாது, வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தான் போகிறார்கள் என்று அளந்துவிட்டார். மனசுக்குள் ஒரு கணக்கு. அவர் பையில் மிஞ்சுகிற சில்லறையில் அந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பதற்குள் ஓய்வு பெற்றுவிடலாம்.

மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பெயிண்ட் வந்த காலி வாளியைக் கழுவித் துடைத்து மெஷினுக்கு அடியில் வைத்தார். துவைக்கப் போடும் சட்டைகள் எல்லாம் துழாவப்பட்டன. சீருடைக்குக் கூலி கொடுக்க வரும் தாய்மார்களிடம், "நோட்டு வேண்டாம், சில்லறையா இருந்தா குடுங்க" என்றார். காய்கறிக்காரர், பால்காரர், தெருமுனை மருந்துக் கடை என்று எல்லோருக்கும் இந்த அம்மாவுக்குச் சில்லறைப் பைத்தியம் என்று தெரிந்துபோயிற்று. சில்லறையைத் தள்ளிவிட வங்கியில் இடமில்லாத அந்த வட்டாரக் கடைக்காரர்கள், அவரைக் கண்டதும் கல்லாவைத் திறந்துவைத்து வரவேற்றார்கள். அவர்களுக்கு வழியில்லாமல் செய்தவர் யாரென்று கேஷியருக்குத் தெரியும். அவர் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் வருஷம் வாளி நிறைந்தது. நகர்த்தப் போனபோது கைப்பிடி பிய்ந்து கையோடு வந்தது.

"ஏங்க, நிறைஞ்சிடுச்சு," என்றார் மனைவி. "மாத்திட்டு வந்தீங்கன்னா டிக்கெட் போட்டுடலாம்."

மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை, அதற்கென்று நடைமுறை இருக்கிறது என்று கேஷியர் இழுத்தார்.

"நீங்க பேங்க்லதானே இருக்கீங்க?"

"இருக்கேன். அதனாலதான் ரூலை மீற முடியாது."

"அந்த ரூலை யாருங்க போட்டது?"

"மேலிடம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

தன் கூண்டிலேயே தன் சில்லறையை வாங்கினால் அறிவிப்பு என்னாவது, இத்தனை நாள் கட்டிக் காத்த மரியாதை என்னாவது என்று அவருக்குக் கவலை. மனைவியும் விடுவதாக இல்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை, தோள்பையில் கொஞ்சத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு, நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு கிளைக்கு ஆள் தெரியாதவர்போல் போனார். பை கனத்துத் தோள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். பையைப் பார்த்ததுமே அவள் விரலை மேலே காட்டினாள். அவர் தட்டச்சு செய்த அதே வாசகம், ஒரு எழுத்து மாறாமல், அங்கேயும் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது.

"எங்கேயும் எழுதாத ரூல்மா இது," என்றார் கேஷியர்.

"சர்க்குலர்ல வந்திருக்கு சார். முதல் புதன் வாங்க. ஆனா அன்னைக்கு நான் லீவு."

கேஷியர் புகார்ப் புத்தகம் கேட்டார். அது மேனேஜர் அறையில் இருந்தது. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். வேலை தெரிந்த பெண்தான் என்று தோன்றினாலும் ஆத்திரம் தாளவில்லை. பொதுஜனத்தை இப்படி அலைக்கழித்தால் இந்த வங்கி உருப்படுமா என்று வரிசையில் நின்றவர்களிடம் முறையிட்டார். அவர்கள் தங்கள் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் வந்து, எண்ணுகிற மெஷின் ரிப்பேர் என்று சொன்னார். மனைவி சீருடைத் துணியில் மிஞ்சிய நீலத் துண்டுகளை எடுத்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைக்க ஆரம்பித்தார். பைக்கு நூறு நாணயம், வாயில் சுருக்குக் கயிறு.

அடுத்த மாதம் முதல் புதன்கிழமை அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வட்டார அலுவலகத்திலிருந்து தணிக்கைக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சிரிக்கத் தெரியாத முகம், கையில் பென்சில். கேஷியரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்து பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கதவுப் பக்கம் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. டூருக்கென்று தவணையில் வாங்கிய சக்கரப் பெட்டியை முன்னால் மனைவி இழுக்க, பின்னால் அவருடைய அக்கா தள்ள, இருவருமாக உள்ளே வந்தார்கள். பெட்டி முழுக்கக் காசு. அட்டெண்டர் இருவரையும் அடையாளம் கண்டுகொண்டு நமட்டுச் சிரிப்போடு டோக்கன் கொடுத்தார். மனைவி மற்றவர்களைப் போலவே பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் எழுந்து வந்தார்.

"சார், சில்லறை மாத்தணும்."

கேஷியர் கண்ணாடித் துவாரத்தை ஒட்டிக் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போ," என்றார்.

பின்னால் பென்சில் நின்றது. "வாடிக்கையாளரை ஒருமையில பேசறது எந்த ஊர்ப் பழக்கம்?" என்று கேட்டார் அதிகாரி. "என்ன வேணும்னு கேளுங்க."

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றை மனைவியிடம் சொன்னார் கேஷியர். "என்ன வேணும்... மேடம்?"

"போர்டுல முதல் புதன்னு போட்டிருக்கு சார். இன்னைக்குப் புதன்."

இவர் என் வீட்டுக்காரர் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. அக்காவும் வாயைத் திறக்கவில்லை. அவர் தங்கையைவிடப் பொல்லாதவர். அட்டெண்டருக்கு இது வாழ்நாளில் கிடைக்காத வேடிக்கை. அவர் மூச்சுக்கூட விடவில்லை. நீலப் பைகள் ஒவ்வொன்றாகத் துவாரத்தின் வழியே உள்ளே வந்தன. வீட்டு மெஷினில் தைத்த பைகளை, வீட்டில் சேர்ந்த காசை, கேஷியர் மேஜையில் கொட்டி எண்ணினார். மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. கணக்கு இம்மி பிசகவில்லை. நோட்டாக நீட்டியபோது மனைவி நிதானமாக எண்ணிப் பார்த்து, ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது ஓரம் கிழிஞ்சிருக்கு சார். வேற குடுங்க."

கொடுத்தார்.

அன்று மாலையே மனைவி டிக்கெட் எடுத்துவிட்டார், இரண்டு பேருக்கு. வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. கேஷியர் சண்டை போடலாம் என்று நினைத்துத்தான் படியேறினார். போர்டைப் பார்த்து வந்தது தப்பா என்று மனைவி கேட்டால் என்ன சொல்வதென்று யோசித்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். படுத்த பிறகு மலைமேல் குளிருமே, ஸ்வெட்டர் இருக்கிறதா என்றும் யோசித்தார். உண்மையில் அவருக்கும் போக ஆசை வந்திருந்தது.

ஆனால் தணிக்கை அறிக்கை அதைக் கெடுத்தது. ஒரு கேஷியர் சாப்பிடாமல்கூட ஒரு சாதாரணப் பெண்மணிக்குச் சில்லறையை எண்ணி மாற்றிக் கொடுத்ததைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று அந்த அதிகாரி உருகி எழுதிவிட்டார். வட்டாரத்துக்கே நாணய மாற்று மையமாக இந்தக் கிளை அறிவிக்கப்பட்டது. தினசரி, காலை முதல் மாலை வரை. பொறுப்பாளர் அவரே. மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கி, பாராட்டுக் கடிதத்தைக் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு லீவு என்ற பேச்சே கூடாது என்றார்.

டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார் கேஷியர்.

"ரத்து பண்ணினா பாதிதான் கைக்கு வரும்," என்றார் மனைவி. "அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கறதைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க."

அவர்கள் பஸ் ஏறிய அன்று கிளையின் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. டீக்கடைக்காரர் இரண்டு தகர டின்களோடு முதல் ஆளாக வந்திருந்தார். பஸ் கண்டக்டர்கள், பேப்பர் போடுகிறவர்கள், பழைய வாகன நிறுத்தக் குத்தகைக்காரரின் மருமகன் எல்லோரும் மூட்டையும் முடிச்சுமாக நின்றார்கள். மாலையில் கேஷியரின் விரல்கள் கறுத்து, சோப்புப் போட்டாலும் இரும்பு வாடை போகவில்லை. வீட்டுக்கு வந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. ஏரியில் தூர் வாருகிறார்களாம், தண்ணீரே இல்லையாம், படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறதாம்.

"அப்ப நாளைக்கே கிளம்பி வந்துடு," என்றார் அவர் ஆவலாக.

"எதுக்கு?" என்றார் மனைவி. "ஜன்னல் வழியா பனி உள்ள வருது. டீ கொண்டுவந்து குடுக்கறாங்க. நானும் அக்காவும் பேசாம உட்கார்ந்திருக்கோம். நாலு நாளுக்கு மேல இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரோம். காசு மிச்சம் இருக்கு."

ஆறாம் நாள் மனைவி ஊர் திரும்பினார். கன்னம் சிவந்திருந்தது, பெட்டியின் ஒரு சக்கரத்தைக் காணவில்லை. கேஷியருக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று வாங்கி வந்திருந்தார். அவர் மூன்று நாள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். பனி எத்தனை மணிக்கு விலகும், அறையில் வெந்நீர் வருமா, ஏரிக்கரை நடைபாதை எதுவரை போகிறது. மனைவி துணி வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

நாலாம் நாள் கிளையில், மதிய இடைவேளையில், கடன் பிரிவில் இருந்தவர் குடும்பத்தோடு அந்த ஊருக்குப் போகப்போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மின்விசிறி வெந்த காற்றை வீசிக்கொண்டிருந்தது. கேஷியர் கம்பளித் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தார்.

"ஏரிப் பக்கம் ரூம் எடுக்காதீங்க, அங்க ஒண்ணுமில்ல," என்றார். "பின்பக்கம் கேளுங்க. காலையில எழுந்து ஜன்னலைத் திறந்தீங்கன்னா பனி உள்ள வரும் பாருங்க, அதை வாயால சொல்ல முடியாது. நாங்க ஆறு நாள் இருந்தோம். வரவே மனசில்ல."