கன்னியம்மாவின் சில்லு

செம்பைக் கருங்கல்லில் தேய்த்தால் ஒரு புளித்த வாடை வரும்; அந்த வாடையோடு விரல்களை என் மூக்கருகே நீட்டி ‘மோந்து பாரு’ என்பாள் கன்னியம்மா. நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம் அது. மாமல்லபுரத்தில் என் அத்தா பெட்டிக்கடை வைத்திருந்தார். கன்னியம்மா பக்கத்துக் குப்பத்துப் பெண், என்னைப் போலவே பத்து வயது. அவளுடைய ‘நைனா’, கரைவலையில் மண்ணோடு வந்த ஒரு பழைய செம்புக்காசை அவளுக்கு விளையாடக் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் காளை, மறுபக்கம் இரட்டைப் பாய்மரக் கப்பல். பாண்டி ஆட இதைவிட நல்ல ‘சில்லு’ கிடைக்காது என்று முடிவுகட்டியவள், அது கட்டத்துக்குக் கட்டம் வழுக்கிப் போகவேண்டுமென்று, இரண்டு நாள் பாறைமேல் உட்கார்ந்து கப்பலைத் தேய்த்தே அழித்துவிட்டாள். காளை அவளுக்குப் பிடித்திருந்ததால் அது மட்டும் தப்பியது.

அந்தச் சில்லின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஒருநாள் பந்தயம் கட்டி ஆடினோம்; நான் ஜெயித்தால் சில்லு எனக்கு, அவள் ஜெயித்தால் என் கண்ணாடி வளையல் ஆறும் அவளுக்கு. கடைசிக் கட்டத்தில் என் குதிகால் கோட்டில் பட்டது. எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“கோட்ட மிதிச்சிட்டு இல்லன்றியா? சத்தியம் பண்ணு பாக்கலாம்” என்றாள். கூசாமல் அவள் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தேன். காசை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சிற்பங்களைப் பார்க்க வந்து, எங்கள் கடையில் சோடா குடிக்க நின்ற ஒரு கனவான், வாசலில் நான் ஆடிக்கொண்டிருந்த சில்லைப் பார்த்துவிட்டார். பழங்காசு சேர்ப்பவராம். பந்தயத்தில் நான் ஜெயித்த காசு என்று சொல்லி, அத்தா அதை என்னிடமிருந்து வாங்கி அவருக்குச் சும்மாவே கொடுத்தார். அந்த நன்றிக்கு அவர் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் எனக்கு இடம் வாங்கித் தந்தார். நான் படித்து டீச்சரானது அப்படித்தான். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, தலையில் கருவாட்டுக் கூடையோடு கன்னியம்மா பஸ் அருகே வந்து நின்றாள்.

“அத்தக் குட்த்துட்டுப் போ. எங்க நைனா குட்த்தது.”

“காணாமப் பூட்ச்சி” என்றேன். இது இரண்டாவது பொய்.

போன மாதம் செங்கல்பட்டில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அதே காளையைப் பார்த்தேன். அரிய நாணயம் என்று போட்டு, யார் யாரிடம் இருந்தது என்ற வரிசையையும் அட்டையில் எழுதியிருந்தார்கள்: மாமல்லபுரம் கடைக்காரர் ஒருவர், அந்தக் கனவான், அவருடைய மகன், இப்போதைய உரிமையாளர். ‘பின்புறம் கடல் அரிப்பால் தேய்ந்துள்ளது’ என்று ஒரு குறிப்பு வேறு. நாங்கள் ஆடிய இடத்தைச் சுற்றி இன்று கம்பி வேலி. கன்னியம்மா இறந்து பல வருஷமாகிறது. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு ஆளில்லை.

அதைத் தேய்த்தது கடல் இல்லை, கன்னியம்மா என்ற பெண், அட்டையில் முதல் பெயர் அவளுடையதாக இருக்கவேண்டும் என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “கடைக்காரர் பொண்ணு ஜெயிச்ச காசுன்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. நீங்க சொல்றதுக்கு எதுனா ஆதாரம் இருக்குதாம்மா?”

அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரிடம், அன்றைக்கு நான் கோட்டை மிதித்தேன் என்று சொன்னேன்.