ஒரு தேசிய அணியை ரோஸ் நிறமாக்கினேன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதைக்கும் பந்து மைதானத்துக்கும் நடுவே ஒரு சந்தில் சலவைக் கடை வைத்திருந்தேன். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் படிக்கவைத்து, மகனும் பேனா பிடிப்பான் என்று காத்திருந்தார். மகன் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தான். என் மனைவி பாதி பர்மியப் பெண். சண்டை மட்டும் முழுத் தமிழில் போடுவாள்.

அந்த வாரம் எங்கள் மைதானத்தில் சில சின்ன நாடுகளின் கால்பந்துப் போட்டி நடந்தது. அதில் ஒரு தீவும் வந்திருந்தது. பெயர் வேண்டாம். வரைபடத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த நாடே மறைந்துபோகும். முதல் இரண்டு ஆட்டங்களில் அவர்கள் கோல்களை வாங்கிக் குவித்தார்கள்; பதிலுக்கு ஒன்றுகூடப் போடவில்லை. இரண்டையும் டிக்கெட் வாங்கிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மேல் தனிப்பட்ட கோபம் இருந்தது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள், மழையில் நனைந்த ஒருவர் முதுகில் பெரிய மூட்டையோடு கடைக்குள் நுழைந்தார். ரப்பர் செருப்பு, ஒரு காலில் லேசான நொண்டல். மூட்டையில் அந்தத் தீவு அணியின் பதினாறு வெள்ளைச் சட்டைகளும் காற்சட்டைகளும். கோல் காவலருக்கு வேறு நிறச் சட்டை. அதை அவரே துவைத்துக்கொள்வாராம். இவர்களிடம் இருந்தது இந்த ஒரே செட்தான். நாளை மதியத்துக்குள் வேண்டும் என்றார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ். இங்கே தமிழில் சொல்கிறேன்.

மூட்டை தூக்குகிறவர் என்று நானே முடிவு செய்துகொண்டு டீ வாங்கிக் கொடுத்தேன். டீயோடு என் கருத்தையும் கொடுத்தேன்.

“உங்க மேனேஜர் எங்கே? மெத்தையில காலை நீட்டிப் படுத்திருக்காரா? அந்த ஆளுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னாவது தெரியுமா?”

அவர் நிதானமாக டீயை உறிஞ்சினார். “வேற என்ன தப்பு பண்றார்?”

கேட்டால் விடுவேனா? யாரை முன்னால் நிறுத்துவது, யாரை ஊருக்கே திருப்பி அனுப்புவது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, எழும்போது ஒன்று சொன்னார். நாளையும் ஒரு கோல்கூடப் போடாவிட்டால் அவர்கள் நாட்டுப் பந்துச் சங்கம் அணியைக் கலைத்துவிடுமாம். கடிதமே வந்துவிட்டதாம். “பசங்க திரும்பவும் மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே மழையில் இறங்கினார்.

எங்கள் கடையில் ஒரு தனித் தொட்டி உண்டு. பௌத்தத் துறவிகளின் கருஞ்சிவப்பு அங்கிகளுக்கு மட்டுமான தொட்டி. வேறு துணி அதில் விழக்கூடாது. இடுப்புக்குக் கீழே உடுத்துவது எதுவும் அதன் பக்கத்திலேயே போகக்கூடாது. என் மனைவி வகுத்த சட்டம் இது. எங்கள் தெருவே அவள் கட்சி. அன்று மற்றத் தொட்டிகள் எல்லாம் நிறைந்து கிடந்தன. ஒன்பது சட்டைகளுக்குத்தான் இடம் கிடைத்தது. கரண்டும் இல்லை, மழை இருட்டு வேறு. சட்டை இடுப்புக்கு மேலேதானே உடுத்துவது, பாவமில்லை என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதி, மீதி ஏழையும் அந்தத் தொட்டிக்குள் அமுக்கிவிட்டேன். புது அங்கிகளை ஊறவைத்து எடுத்த தண்ணீர் அதில் அப்படியே இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தவள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

காலையில் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையே எழுந்து வந்தது.

“அட பாவி மனுஷா! யாரைய்யா கொன்னே?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏழு சட்டைகளும் நல்ல ரோஸ். படியிலேயே உட்கார்ந்து எண்ணினேன். கோல் காவலர் போக ஆடப் பத்துப் பேர் வேண்டும். வெள்ளையாக மிஞ்சியது ஒன்பது. பல வருடம் சில்லறை எண்ணிய தலைக்கு அந்தக் கழித்தல் கணக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. அணி தங்கியிருந்த விடுதிக்கு ஓடினேன். வழியிலேயே கதை தயார். மூட்டை கொண்டுவந்த ஆள் உள்ளே ஏதோ சிவப்புத் துணியைச் சேர்த்துக் கட்டியிருந்தான்; நான் என்ன செய்ய? அந்த ஏழைக்கு வேலை போகுமே என்று மனசு கேட்டது. போனால் போகட்டும், அவன் வேறு நாட்டுக்காரன் என்று மனசை அடக்கினேன்.

வாசலில் போட்டி ஏற்பாட்டாளர் ஒருவர், மடிப்புக் கலையாத லுங்கியும் மேல்சட்டையுமாக நின்றிருந்தார். அவரிடம் பர்மிய மொழியிலும், முடித்தபிறகு பாதுகாப்புக்கு இங்கிலீஷிலுமாகக் கதையைக் கொட்டினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மூட்டையைக் கொண்டுவந்தது மேனேஜர்தானே?”

“எந்த மேனேஜர்?”

“உன் பின்னால நிற்கிறாரே, அவர்தான்.”

திரும்பினேன். அதே ரப்பர் செருப்பு. அவருடைய நாட்டுக்காக இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்களோடு ஆடியவர், அணித் தலைவராக இருந்தவர் என்று ஏற்பாட்டாளர் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காதில் ரயில் ஓடியது. நேற்று நான் எடுத்த அரைமணிப் பாடம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. சதுரப் பந்து உட்பட.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏற்பாட்டாளரிடம், “ஆமாம், என்னுடைய சிவப்புத் துண்டு கலந்திருக்கும். என் தப்பு” என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொன்னது பொய்யென்று நன்றாகத் தெரிந்த ஒரே ஆள், அந்தப் பொய்யை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

இரண்டு பேரும் கடைக்கு நடந்தோம். தொட்டியைப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்து, “மீதி ஒன்பதையும் போடுங்க” என்றார்.

“இதிலேயா?”

“எந்த நிறமா இருந்தாலும் சரி. எல்லாம் ஒரே நிறமா இருக்கணும்.”

என் மனைவி குறுக்கே நின்றாள். சட்டையோடு சரி, ஒரு காற்சட்டை இந்தப் பக்கம் வந்தாலும் கொலை விழும் என்றாள். நான் மொழிபெயர்த்தேன். கொலையைக் கொஞ்சம் குறைத்துத்தான். அவர் செருப்பைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டுத் தொட்டி முன் குந்தி உட்கார்ந்தார். அதன்பிறகு அவள் அவருக்கு மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிவரச் சொன்னாள். எனக்கும் சேர்த்து வாங்கச் சொல்லவில்லை.

சட்டைகளை அலசிக்கொண்டே தன் கதையைச் சொன்னார். அவர்கள் மைதானம் கடற்கரை மணல்தானாம். அலை ஏறினால் பாதி மைதானம் காணாமல் போகும். அதனால் முதல் பாதியை வேகமாக ஆடுவார்களாம். முழங்கால் உடையும் வரை நாட்டுக்காக ஆடினார். உடைந்ததும் பஸ் ஓட்டினார். மேனேஜர் வேலைக்கு வேறு யாரும் வராததால் இவரைப் பிடித்துப் போட்டார்கள். கோடு போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, துணி சுமப்பது எல்லாம் இவர்தான்.

கடைசியில் நான் கேட்டேவிட்டேன். “ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“மேனேஜர் வேலையே அதுதானே? பதினோரு பேர் தப்பு பண்ணுவாங்க, நான் ஏத்துக்குவேன். நீங்க பன்னிரண்டாவது ஆள்.”

வெயில் இல்லை, கரண்டும் இல்லை. நான்கு கரி இஸ்திரிப் பெட்டிகளை வைத்து நானும் அவளும் தேய்த்தே காயவைத்தோம். பதினாறும் ஒரே ரோஸ். கறுப்பு எண்கள் மட்டும் தப்பித்திருந்தன.

மைதானத்தில், உடை மாற்றும் அறை வாசலில் அந்த ஏற்பாட்டாளர் காகிதத்தோடு காத்திருந்தார். சட்டை நிறம் மாறியதற்கு விளக்கம் வேண்டும், தன் கவனக்குறைவு என்று மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், அது அவர்கள் நாட்டுச் சங்கத்துக்கும் போகும் என்றார். கலைப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிற சங்கத்துக்கு! மேனேஜர் பேனாவைக் கையில் வாங்கிவிட்டார்.

“நிறுத்துங்க, சார்” என்று ஒரு குரல் கேட்டது. யாருடையது என்று பார்த்தால் என்னுடையது. “தொட்டி என்னோடது. தப்பும் என்னோடது. காலையில நான் சொன்னது பொய்.”

“பின்னே ஏன் அப்படிச் சொன்னே?”

“பயந்துட்டேன்.”

நான் கேட்ட எல்லாத் திட்டுகளிலும் நீளமானது அதுதான். முடிவில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். எப்படியோ அப்பா எதிர்பார்த்தபடி பேனா பிடித்துவிட்டேன்.

அணி வெளியே வந்ததும் மைதானமே சிரித்தது. “பன்யாவ்ங்! பன்யாவ்ங்!” என்று கத்தினார்கள், பர்மிய மொழியில் ரோஸ் நிறம். மழை கொட்டக் கொட்டச் சாயம் இறங்கி வெள்ளைக் காற்சட்டைகளில் கோடுகோடாக வழிந்தது. என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். எதிரணி மூன்று கோல் போட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஒரு ரோஸ் சட்டை சேற்றில் சறுக்கி விழுந்தது. விழுந்தவன் காலில் பட்டுப் பந்து எதிரணி வலைக்குள் போனது.

ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். அந்த நொண்டிக் கால் மனிதர் சேற்றில் மண்டியிட்டிருந்தார். அந்தக் கோலைப் போட்டது, நான் ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொன்ன ஆள்.

அடுத்த வருடம் ஒரு தபால் வந்தது. அணியின் படம். கலைக்கவில்லை. சட்டைகள் இன்னும் மங்கலான ரோஸ்தான். புதுசு வாங்க வசதியில்லையோ, வேண்டாமென்று வைத்துக்கொண்டார்களோ, தெரியாது.

இப்போதும் கடையில் ஒரு துணி பாழானால், யார் செய்தது என்று வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னாலேயே என் கை தானாக மேலே போய்விடுகிறது. இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்த்து அதிர்ச்சி தீராமல் நிற்பவள் என் மனைவி ஒருத்திதான்.