மொட்டை போட்டுக்கொண்டு ஐசியூவுக்குப் போனேன்

முருகனை நம்பி வாழும் எல்லாருக்கும் என் வணக்கம். நான் லூனாஸ் என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனாலும் சென்ற ஆண்டு எனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் ஒரே மகள் தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை. பினாங்கில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "முருகா, பிள்ளையைப் பிழைக்க வை, உனக்கு மொட்டை போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொன்ன சொல்லைத் தள்ளிப்போடக் கூடாது என்று மறுநாள் காலையிலேயே ஊருக்கு வந்து கோயிலில் முடி இறக்கினேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருந்த மீசையும் போயிற்று. தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, பெருமையாக மகளைப் பார்க்கப் போனேன்.

அதற்குள் மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். தர்ஷினி கண் விழித்திருந்தாள். ஆனால் அவள் அவளாக இல்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்றாள். கையிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். என் மனைவி சாந்தி அந்தக் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். நான் கட்டிலருகே குனிந்தேன். பிள்ளை வீறிட்டாள்.

"அம்மா, இந்த ஆளைப் போகச் சொல்லும்மா! அப்பாவைக் கூப்பிடு!"

எனக்கு உயிரே போய்விட்டது. மூளையில் ஏதோ ஆகிவிட்டது, இனி என்னைத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். அங்கிருந்த தமிழ் நர்ஸ் ஒருவர், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், என்னை வெளியே கூட்டிப்போனார்.

"பயப்படாதீங்கண்ணே. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் சில பிள்ளைங்களுக்கு இப்படிக் குழப்பம் வரும். டெலிரியம்னு சொல்வோம். டாக்டர் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு. தெரிஞ்ச முகம், தெரிஞ்ச குரல் பக்கத்துல இருந்தா நல்லது லா. நீங்க என்னடான்னா, ஆளே அடையாளம் தெரியாம வந்து நிக்கிறீங்க!"

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். முருகனோடு சண்டையும் போட்டேன். உனக்காகத்தானே முடியை எடுத்தேன், என் பிள்ளைக்கே என்னைத் தெரியாமல் செய்துவிட்டாயே என்று திட்டினேன். கோபம் அடங்கியதும் மெதுவாகக் கேட்டேன். "வேறொன்றும் வேண்டாம். அவள் என்னை அப்பா என்று கூப்பிடட்டும்." அப்போதுதான் மிஸ்ஸி சொன்னது மண்டையில் உறைத்தது. முகம் போனால் என்ன, குரல் இருக்கிறதே!

மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டு, மகள் கண்ணில் படாமல் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டேன். தினமும் காலையில் வேனில் முன் சீட்டில் வருபவள் அவள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் சொல்வது அவளுக்கு மனப்பாடம். அதையே சொன்னேன். "ரூபன், பையை மடியில வை. அடுத்து கவிதா வீடு. கதவைச் சாத்து." முதல் நாள் ஒரு பலனும் இல்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் அமைதியானாள். நான் மனதுக்குள் வேண்டுவதையும், வாயால் வேன் ஓட்டுவதையும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் காலை களைப்பில் கவிதா வீட்டை மறந்து நேரே பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

"அப்பா, கவிதாவை ஏத்தல லா!"

பயந்துகொண்டே எழுந்து அவள் முன்னால் வந்து நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏம்பா மொட்டை போட்டீங்க? நல்லாவே இல்ல."

சாந்தி அழுதுகொண்டே சிரித்தாள். நான் முருகா முருகா என்று அங்கேயே கும்பிட்டேன்.

இன்று தர்ஷினி பள்ளித் திடலில் ஓடுகிறாள். மருத்துவர்களுக்கும் அந்த மிஸ்ஸிக்கும் என்றும் நன்றி. அவர்களை எங்களுக்குக் கொடுத்தவன் முருகன் என்பது என் நம்பிக்கை. முன்பெல்லாம் அவனிடம் பேரம்தான் பேசுவேன். இப்போது வேனை எடுக்குமுன் சும்மா இரண்டு வார்த்தை பேசுகிறேன். மனம் நிறைந்திருக்கிறது.

பிள்ளையை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களே, அவனைக் கூப்பிடுங்கள். கைவிட மாட்டான். மொட்டையை மட்டும் பிள்ளை வீடு வந்து சேர்ந்த பிறகு போடுங்கள். முருகன் காத்திருப்பான். பிள்ளை கண் விழிக்கும்போது அப்பா முகம் வேண்டும்.