ஏழாம் எண் படத்தில் ஒரு எருமை

சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு மூடுபனிப் பித்து பிடித்தது. அதுவரை ஏற்காட்டில் ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம், காதுகுத்து, ஏரிக்கரையில் கைகோத்து நிற்கும் புதுமணத் தம்பதிகள், லாட்ஜ்காரர்களின் விளம்பரத்துக்காகக் கசங்காத படுக்கை விரிப்புகள். என் படங்களில் எல்லாமே தெளிவாகத் தெரியும். அதுதான் என் தொழில் பெருமை.

சென்னைக் கண்காட்சியை வைத்திருந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பத்திரிகைகளில் அவரைப் பற்றிப் படித்துவிட்டு, சேலத்தில் ரயிலேறிப் போயிருந்தேன். கைத்தறிச் சேலைக்குக் கீழே ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ அணிந்திருந்தார். ஒரு சுவர் முழுக்க ஒரே படம், வெறும் ஆற்று மணல். ஆறு இல்லை, ஆள் இல்லை, ஒரு காக்காகூட இல்லை.

"இதுல என்னங்கம்மா இருக்குது?" என்று கேட்டேன்.

"எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"ஒரு நிமிஷம் இருக்குமுங்க."

"நான் அங்க பதினோரு நாள் நின்னேன். நீங்க இன்னும் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க."

நின்றேன். ஐந்தாவது நிமிஷத்தில் இடது கால் மரத்துப்போனது. எட்டாவது நிமிஷத்தில் மணல் மெல்ல நகர்ந்தது. அது கலையின் வேலையா, காலின் வேலையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் கண் கலங்கிவிட்டது. ஊர் திரும்பும்போது, இனி ஒன்றுமே தெரியாத படங்களை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

அதற்கு ஏற்காட்டைவிட வசதியான ஊர் கிடையாது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும், விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மூடுபனிக்குள் போய்விடுவேன். ஒரு நாள் ஏதோ ஒரு மாடு வந்து என் முழங்கையை நக்கிவிட்டுப் போனது. மாட்டை நான் பார்க்கவே இல்லை. நாக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மாதப் படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டு மனைவிக்குக் காட்டினேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஏனுங்க, கேமரா கெட்டுப் போச்சுங்களா?"

"இல்ல புள்ள, இது மூடுபனி."

"அத ஜன்னலத் தொறந்தா நானே பாத்துக்குவனே."

சேலத்தில் படங்களை அச்சிடக் கொடுத்தேன். மறுநாள் லேப்காரர் பதற்றத்தோடு போன் செய்தார். "அண்ணா, மெஷின்ல இங்க் எறங்கலையாட்டம்னு ரெண்டு தடவ கழட்டிக் கழுவிட்டனுங்க. மறுக்காவும் வெள்ளையாவே வருதுங்க."

"அது வெள்ளைதானுங்க."

மறுமுனையில் அவர் படங்களை எண்ணுவது கேட்டது. "இருவத்திரெண்டுமேங்களா?" என்றார்.

கூட்டம் குறைந்த மாதம் என்பதால், தெரிந்த லாட்ஜ் முதலாளி ஒருவர் தன் சாப்பாட்டுக் கூடத்தின் சுவர்களை மூன்று நாளைக்குக் கொடுத்தார். லாட்ஜ் படம் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. லாட்ஜையும் மூடுபனியிலேயே எடுத்திருந்தேன். பெயர்ப்பலகையில் 'லா' மட்டும் தெரிந்தது.

"ரூமெல்லாம் எங்கீங்க?" என்றார்.

"உள்ள இருக்குதுங்க."

படங்களுக்கு மௌனம், மௌனம் இரண்டு, பிரிவு, தனிமை என்றெல்லாம் தலைப்பு எழுதி ஒட்டினேன். அந்தச் சென்னைக் கலைஞருக்கு அழைப்பு அனுப்பினேன். முதல் நாளே வருவதாக அவரிடமிருந்து பதில் வந்ததும் எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

திறந்த அன்று காலையில் கண்காட்சிக்கு என்று யாரும் வரவில்லை. பொங்கல் எங்கே என்று கேட்டுக்கொண்டு லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் வந்தார்கள். ஒருவர் மட்டும் ஐந்தாம் எண் படத்தின் முன்னால் போய் விறைப்பாக நின்று, பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பின்னணி நல்ல வெள்ளையாக இருக்கிறதாம். எடுத்துக் கொடுத்தேன்.

பத்து மணி வாக்கில் பக்கத்து வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும் சமையலறைக்கு ஆரஞ்சுக் கூடை இறக்க வந்தார்கள். கூடையை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவர் ஏழாம் எண் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஒரு நிமிஷம் இல்லை, நான் சென்னையில் நின்றதைவிடக் கூடுதலாகவே நின்றார். அது 'தனிமை'. வெண்மைக்கு நடுவே கருப்பாக ஒரு கறை. இந்த மலையில் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஏனுங்க, இந்தப் போட்டோ நீங்க எடுத்ததுங்களா?"

"ஆமாங்க."

"இது எங்க ஊட்டு எருமைங்க."

அவர் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தார். "அதேதானுங்க. வலது கொம்பு கீழ மடங்கியிருக்குது பாருங்க. காணாமப் போயி அஞ்சு நாளாச்சுங்க. எங்க வெச்சு எடுத்தீங்க?"

அது பாறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் படம் எடுத்து மூன்று வாரம் ஆகிறது என்று சொன்னேன். அவர்கள் காதிலேயே வாங்கவில்லை. எந்த இடம் என்பது எனக்கும் தெரியாது. மூடுபனிக்குள் எல்லா இடமும் ஒரே இடம்தானே. கேமராவை எடுத்து அதற்கு முந்தைய படத்தைப் பார்த்தேன். சேர்வராயன் கோயில் போகும் வழியில் இருக்கும் ஒரு டீக்கடையின் பலகை தெரிந்தது. டீ குடித்துவிட்டுப் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குள் நடந்தது நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப் நின்றது. கலைஞர் இறங்கினார். சேலத்திலிருந்து ஏறிய வளைவுகளில் முகம் வெளுத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரவேற்புரையைத் தொடங்குவதற்குள் விவசாயி முந்திக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, இந்த ஜீப்ப ஒரு அர மணி நேரம் குடுப்பீங்களா? எங்க எருமை இவருகிட்ட இருக்குதுங்க."

"உங்ககிட்டயா?" என்று கலைஞர் என்னைப் பார்த்தார்.

"படத்துலீங்கம்மா," என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார், விவசாயியைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டார். "நானும் வரேன்," என்று சொல்லி மறுபடியும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். பெட்டிகள் போக ஜீப்பில் காலி இடம் இல்லை என்று விவசாயியின் மனைவி கண்காட்சிக்குக் காவலாக நின்றுவிட்டார். சட்டம் போட்ட 'தனிமை'யை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு விவசாயி முன்னால் உட்கார்ந்தார், கல்யாணச் சீர்வரிசையில் கண்ணாடி தூக்கி வருபவரைப் போல.

டீக்கடையில் இறங்கி, தோட்டத்துக்குள் நடந்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் சுற்றியதும் இடம் கிடைத்துவிட்டது. அன்று வெயில் அடித்ததால் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. என் பாறை அங்கே நின்றுகொண்டிருந்தது. அது பாறை இல்லை, கருப்பு பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க். மேலே மூடி சாய்ந்து கிடந்தது. கொம்பு என்று அவர்கள் சொன்னது அதுதான்.

இரண்டு மாதத்து மனக்கோட்டை அந்த இடத்தில் சரிந்தது. ஒரு டேங்குக்குத் தனிமை என்று பெயர் வைத்து, சட்டம் போட்டு, சென்னையிலிருந்து ஒரு பெரிய கலைஞரை வரவழைத்துக் காட்டியிருக்கிறேன். கலைஞர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நிற்க முடியாமல் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

விவசாயி சிரிக்கவில்லை. டேங்கை ஒருமுறை சுற்றி வந்தார். பின்பக்கம் போனவர் அங்கேயே நின்று கூப்பிட்டார். "வந்து பாருங்க சாமி."

டேங்கின் அடியில் விரிசல். ஒழுகிய தண்ணீர் தேங்கிப் பின்னால் அருமையான சேறு. சேற்றில் தலை மட்டும் வெளியே தெரிய எருமை படுத்திருந்தது. வலது கொம்பு கீழ்நோக்கி மடங்கித்தான் இருந்தது. அது எங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"நாஞ் சொன்னனுங்கள்ள," என்றார் விவசாயி.

"ஆனா படத்துல இருக்கறது டேங்க்குங்க. எருமை இல்லீங்க."

"டேங்க்குக்குக் கொம்பு இருக்குமுங்களா?"

"அது மூடிங்க."

"அப்ப எருமை எப்படிங்க கெடச்சுது?"

இருவரும் கலைஞரைப் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, கைநீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"எருமைதான்," என்றார்.

எருமையை எழுப்பவே முக்கால் மணி நேரம் ஆனது. அதை நடத்திக்கொண்டு விவசாயி வெள்ளக்கடைப் பக்கம் போக, நாங்கள் கண்காட்சிக்குத் திரும்பினோம். கூடத்தில் நல்ல கூட்டம். காவலுக்கு நின்றவர், எங்கள் எருமை ஏழாம் நம்பரில் கிடைத்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் டீக்கடையிலிருந்தே அவருக்குப் போன் செய்துவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் சேதி பரவி, இருசக்கர வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்கோ நழுவிய ஹெல்மெட்டை ஒருவர் 'மௌன'த்தில் தேடினார். ஆட்டுக்குட்டியைத் தேடி வந்த அம்மா ஒருவர் 'பிரிவு' படத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இதில் இல்லை என்று என்மேல் வருத்தப்பட்டார். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் வந்து, தன் மூக்குக்கண்ணாடி எந்தப் படத்திலாவது தென்படுகிறதா என்று கேட்டார். கண்ணாடி இல்லாததால் அவருக்காக நானே எல்லாப் படத்தையும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. லாட்ஜ் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். வந்தவர்களில் பாதிப் பேர் காப்பி குடித்தார்கள்.

கலைஞர் மூன்று நாளும் தங்கினார். ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படம் பார்ப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் படங்களைப் பற்றிப் பேசினார். இருபத்திரண்டில் மூன்று நன்றாக இருக்கிறதாம். நான் பெருமையாக நினைத்திருந்தவை அதில் ஒன்றுகூட இல்லை.

"நீங்க நிறைய எடுக்கறீங்க தம்பி. கொஞ்சமா நிக்கறீங்க," என்றார். அது அப்போது வலித்தது. அடுத்த நாள் காலையில் ஒரு படமும் எடுக்காமல் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். ஜலதோஷம் பிடித்தது.

ஏழாம் எண் படத்தை விவசாயியே எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வெள்ளக்கடைப் பக்கம் போனபோது கூப்பிட்டு உட்கார வைத்தார். கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அது மாட்டியிருந்தது. 'தனிமை'யை அடித்துவிட்டு, மகள் கையெழுத்தில் 'எங்க எருமை' என்று எழுதியிருந்தது. உறவுக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவரைப் படத்தின் அருகே கூட்டிப் போய், விவசாயி விரலால் கோடு போல வரைந்து கொம்பைக் காட்டினார். "நொம்ப நல்லா வந்திருக்குதுங்க," என்றார் உறவுக்காரர்.

நானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். விவசாயியின் மனைவி ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.