‘பார்ப்பது நல்லது’ என்ற வரி

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு விளக்கம் எழுதுற சோலி என்னோடது. நல்லா ஓடுற வரைக்கும் நாம எழுதினதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க; உடைஞ்சா மட்டும் தேடி வந்து திட்டுவாங்க. இந்தப் பொழப்புல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். போடியில வீட்டுல உக்காந்து இங்கிலீஷ்ல எழுதுறேன். உங்களுக்காக இங்கே தமிழ்ல.

மரியாதை

புரோகிராம் ஓடும்போது மெமரியில இடம் கேக்கும். சில நேரம் இடம் இருக்காது. கிடைச்சுதான்னு பாக்காமலே அடுத்த வேலைக்குப் போனா மொத்தமும் நின்னுபோகும். குரங்கணி மலைக்குப் போற ஜீப்புல ஏறுறவங்ககூட “அண்ணே, இடம் இருக்கா”ன்னு கேட்டுட்டுத்தானே கால் வைக்கிறாங்க! அதனால, “இடம் கிடைத்ததா என்று கட்டாயம் பார்க்கவும், பார்க்காவிட்டால் புரோகிராம் நின்றுவிடும்”னு எழுதி அனுப்பினேன். சென்னையில இருக்குற எங்க மேலதிகாரி அதை “பார்ப்பது நல்லது”ன்னு ஆக்கிட்டாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. போன் போட்டுக் கேட்டேன். அவரு சொன்னாரு: “படிக்கிறவங்க கஸ்டமர்மா, மிரட்டுற மாதிரி எழுதக் கூடாது.”

அலாரம்

எங்க தெரு அன்வர் அண்ணே மலையில ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தாரு. இந்த வருசக் காய் நல்லபடியா வித்தாத்தான் குத்தகை நிக்கும். காய் உலத்துற அறையில சூடு கூடினா கத்துறதுக்கு, எங்க கம்பெனி புரோகிராமை வச்சு அவரே ஒரு அலாரம் செஞ்சாரு. காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சவரு, கெட்டிக்காரரு. என் விளக்கத்தையும் வரி விடாம படிச்சிருக்காரு.

ஒரு ராத்திரி மெமரி நிரம்பி அலாரம் சத்தமில்லாம நின்னுருச்சு; அறையில சூடு கூடினது யாருக்கும் தெரியல. விடிஞ்சு கதவைத் திறந்தா, அத்தனை காயும் பச்சை போய்ப் பழுப்பேறிக் கிடக்குது. பச்சை போன காயை ஏலம் விடுற இடத்துல யாரு சீந்துவா? சேதி கேட்டு ஓடினேன். அண்ணே ஒரு கைக் காயை அள்ளி வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு. என்னைத் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். “பாத்தா நல்லதுன்னுதானே போட்டிருந்துச்சு தங்கச்சி, பாக்காட்டி எல்லாம் போயிரும்னு போடலையே.”

பஸ் ஸ்டாண்டு

குத்தகை கைவிட்டுப் போச்சு. திருப்பூர்ல ஏதோ வேலைன்னு அண்ணே கிளம்பினாரு. அதுக்குள்ள நான் மேலதிகாரிகிட்ட சண்டை போட்டு அந்த வரியைப் பழையபடி ‘கட்டாயம் பார்க்கவும்’னு மாத்த வச்சிருந்தேன். பஸ்சு ஏறுறதுக்கு முன்னாடி போன்ல அதைக் காட்டினேன். எதுக்குத்தான் காட்டினேனோ, நினைச்சா இப்பவும் அழுகை வருது. அவரு பையைக் கீழ வச்சுட்டு நிதானமா முழுசும் படிச்சாரு. “இப்பத்தான் வெளங்குது தங்கச்சி. அடுத்தவனாவது தப்பிச்சுக்குவான்.”

ஒரு மனுசனோட தோட்டமே போனதுக்கப்புறம் மாறின அந்த வரிக்கு, எங்க கம்பெனி போட்டிருக்குற பேரு ‘சிறு திருத்தம்’.